தக்காளி வித்து யார் கையில்?



தக்காளி தமிழ்மண்ணில் தோன்றிய செடியன்று. தென்னமெரிக்காவின் மேலைக் கரையில் காடாய் வளர்ந்தது. மெக்சிக்கோவில் தோட்டப் பயிராயிற்று. 16ஆம் நூற்றாண்டில் இசுபானியரின் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் ஐரோப்பியர் வழியாக இங்கும் புகுந்தது. ஆனால் அதன் பெயர் கப்பலில் வரவில்லை! வேலியோரத்தில் மெல்லிய உறைக்குள் ஒளிந்திருக்கும் சிறு கனியைச் சிறுவர் நெற்றியில் அடித்துச் சொடுக்கி மகிழ்வர். தக்காளி என்னும் பெயர் முதலில் அந்தச் சொடக்குத் தக்காளிக்கே உரியது. புதிய கனியைக் கண்ட தமிழன் அதன் உறவை அறிந்தான். சீமைத் தக்காளி என்றான். பிறகு சீமை உதிர்ந்தது, தக்காளி நின்றது. இரண்டும் கத்தரிக் குடும்பத்தவை என்று நிலைத்திணை நூலாரும் கூறுவர். மெக்சிக்கோவின் தொல்குடியினரும் தம் நாவாட்டில் மொழியில், உறைக்குள் காய்ப்பதற்கும் சிவந்த தக்காளிக்கும் ஒரே சொல்லின் கிளைகளையே வழங்கினர். கடலால் பிரிந்த இரு மக்களின் கண்ணும் ஒன்றையே கண்டிருக்கின்றன.

இத்தகைய மொழிக்குரியவர் இன்று பெருநகர்க் கடையில் 'செர்ரித் தக்காளி' என்று கேட்டு வாங்குகின்றனர். செர்ரி மரத்தை வாழ்நாளில் காணாதவருக்கும் அதுவே பெயர்! சிறுதக்காளி என்று சொன்னால் நா சுளுக்கிக் கொள்ளுமா?

பெயரை இழந்தவர் வித்தையும் இழந்து வருகின்றனர். கடையில் விற்கும் விதைப்பொதிகளில் மிகுதியானவை கலப்பின வித்துகள். இரு வேறு வழிகளை இணைத்துப் பெற்ற முதல் தலைமுறை ஒரே சீராகக் காய்க்கும். அதன் வித்தை எடுத்து விதைத்தால் ஒரு செடி தாயைப் போலவும், ஒரு செடி தந்தையைப் போலவும், மற்றொன்று இரண்டிலும் சேராமலும் நிற்கும். ஆதலால் ஆண்டுதோறும் கடைக்காரன் வாயிலில் நிற்க வேண்டும். மரபு வித்து அவ்வாறன்று. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் பூந்தாதாலேயே தான் கருவுறுவது. தலைமுறை பல கடந்தும் தாயின் இயல்பு மாறாது. சிறுதக்காளியின் சில வகைகளில் மட்டும் சூல்முடி வெளியே நீண்டிருப்பதால் தேனீ பிற பூந்தாதைச் சேர்த்துவிடும். அவற்றை ஏனைய வகைகளினின்று தள்ளி வளர்த்தலோ, பூங்கொத்தை மெல்லிய துணியால் மூடுதலோ போதும்.

வித்தெடுக்கும் முறையை இல்லத்தரசியர் கருத்தூன்றிக் கேட்பார்களாக. பெரிய கனியைப் பார்த்து மயங்கலாகாது. நல்ல செடியைத் தேர்க. இலை சுருண்ட செடியும், இலையில் வெளிர்திட்டுப் படர்ந்த செடியும் வேண்டா. நன்கு சிவந்து கனிந்ததைப் பிழிந்து, சாற்றோடு வித்தைக் கண்ணாடிக் குவளையில் இட்டுச் சிறிது நீர் வார்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுக. மேலே ஆடை படரும், நாற்றமும் எழும், முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. வித்தைச் சுற்றியுள்ள வழுவழுப்பே அது கனிக்குள் முளைவிடாமல் தடுப்பது. புளித்தல் அதைக் கரைக்கும். நல்ல வித்து அடியில் தங்கும், பதர் மிதக்கும். கழுவிப் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துக. தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வைத்த வித்து நான்காண்டுக்கு முளைப்புத் திறன் குன்றாது.

விதைப்பதற்கு விரல்நகத்தளவு ஆழமே மிகுதி. ஒரு கிழமை, பத்து நாளில் முளைக்கும். நான்கைந்து இலை விட்டதும் நாற்றைத் தொட்டிக்கு மாற்றுக. தண்டின் ஒரு பகுதியும் மண்ணுள் புதையட்டும், அங்கும் வேர் விடும். சிறுதக்காளி பெரும்பாலும் கொடிபோல் நீள்வது. கம்பு நடாமல் விட்டால் தரையில் கிடந்து அழுகும். வெயில் 35 பாகையைத் தாண்டினால் பூ கொட்டும். ஆகவே நளித் திங்களில், அதாவது கார்த்திகையில், பெருமழை ஓய்ந்தபின் விதைத்தால் கோடை தொடங்குமுன் பறிக்கலாம். பூச்சிக்கொல்லி வாங்க ஓடுவோர், இலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்க்கட்டும்.

நெல்லுக்கு ஒரு செயராமன் வாய்த்தார். 2018இல் மறைந்த அவர் மரபு நெல்வகைகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டினார். காய்கறி வித்துக்கு அத்தகைய கவனிப்பு இன்னும் போதவில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் தக்காளியே, அண்ணஞ்சி என்னும் நாட்டு வகையிலிருந்து உருவாக்கப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்? ஊரார் அந்நாட்டு வகையை முன்னரே கைவிட்டிருந்தால் கல்லூரிக்கு மூலம் ஏது?

வித்தைச் சேர்த்து வைப்பதும் பகிர்வதும் குற்றமோ என்று அஞ்சுவாரும் உளர். இந்திய நாடாளுமன்றம் 2001இல் இயற்றிய பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தன் விளைச்சலின் வித்தைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவனுக்கு உரிமை தந்துள்ளது. காக்கப்பட்ட வகையின் வித்தை வணிகக் குறியிட்டு விற்பது ஒன்றே அதில் விலக்கு. அண்டை வீட்டுக்கு ஒரு பிடி வித்துக் கொடுப்பதற்கு எந்தத் தடையுமில்லை. கொடுக்கும் பொதியின்மேல் கனியின் நிறம், வித்து வந்த ஊர், உலர்த்திய திங்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.