சட்டத்தரணிகளுக்குச் சால்வை போர்த்தும் நாள்
(சட்ட உதவிச் சேவையாளர்களைக் கௌரவிக்க எமது சங்கம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டமென்றால் மாலையும் சால்வையும் பெரும்பாலும் மேடையில் இருப்பவர்களுக்கே போகும். இன்று முன்வரிசையில் இருக்கும் சட்டத்தரணிகளுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும் போர்த்துகிறோம். இவர்கள் தொலைக்காட்சியில் வந்தவர்களில்லை. கொழும்பில் பெரிய வழக்குப் பேசியவர்களுமில்லை. நம்மிடம் ஒரு சதமும் வாங்காமல், நம்முடைய சின்னச் சின்ன கோப்புகளை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள்.

சின்னக் கோப்பு என்றோம். அது எவ்வளவு சின்னது என்று பார்ப்போம். ஒரு தாய் 38 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெறுகிறார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடத்துக்கு மேல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளம் கிடைக்கவேண்டும். 38 வருடத்துக்கு 532 நாட் சம்பளம். நாளொன்றுக்கு 1,350 ரூபா என்று வைத்துக்கொண்டால் 718,200 ரூபா. வேலை முடிந்த 30 நாளுக்குள் அதைக் கொடுக்கவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். இதைவிட ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டத்திலிருந்து 3 வீதமும் போயிருக்கவேண்டும். ஒரு லயத்துக் குடும்பத்துக்கு இதுதான் வாழ்நாளிலே கைக்கு வரும் ஒரே பெரிய காசு. வீட்டுக்குக் கூரை போடுவதும், மகளைக் கரைசேர்ப்பதும், கண் ஒப்பரேஷன் செய்வதும் இதில்தான்.

அந்தக் காசு ஒரு எழுத்தில் நின்றுபோகும். பிறப்புப் பதிவில் ராமாயி. செக்ரோலில் ராமாய். அடையாள அட்டையில் யாரோ ஒருவர் பேனையை ஓடவிட்டதில் ராமையா. நம் அம்மா காகிதத்தில் ஆம்பிளையாகி விடுகிறார்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த அம்மா பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் பஸ் ஏறி ஏறியே மூன்று வருடம் கழித்தார். ஒவ்வொரு இடத்திலும் "மற்றக் காகிதத்தைத் திருத்திக்கொண்டு வாங்க" என்றார்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் சத்தியக்கடதாசி எழுதி, பதிவைத் திருத்த விண்ணப்பம் போட்டு, பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்து, பணம் கைக்கு வரும்வரை கூடவே நின்றவர்கள் இன்று இங்கே இருக்கிறார்கள். வெளியே இதே வேலைக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கேட்கும் தரகர்களை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் சட்டம் நமக்கு எதிராகவே இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளி சிறைக்குப் போகவேண்டியிருந்தது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. பின்னர் சங்கங்கள் வந்தன, சட்டங்களும் மாறின. ஆனாலும் லயத்து வீடு எப்போதும் கத்திமுனையிலேயே இருந்தது. வெளியேறச் சொல்லியும் தோட்டத்து வீட்டை விட்டுப் போகாத செல்வநாயகம் என்ற தொழிலாளிமீது அத்துமீறல் குற்றம் சாட்டினார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது. தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதே ஒருவனுடைய நோக்கமென்றால், துரைக்கு அது எரிச்சலூட்டுகிறது என்பதற்காக அவனைக் குற்றவாளியாக்க முடியாது என்று 1950இல் தீர்ப்பானது. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டம் வந்தபிறகு, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் நம்மை லயத்திலிருந்து வெளியேற்ற முடியாது. காணி உறுதி இன்னும் கையில் இல்லை என்பது வேறு கதை. அந்தப் போராட்டம் முடியவில்லை.

"சங்கம் இருக்கும்போது சட்டத்தரணி எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வேலைநீக்கம் என்றால் தொழில் நியாய சபையில் நம் சங்கப் பிரதிநிதியே எழுந்து பேசலாம், பேசியும் வருகிறோம். ஆனால் பிள்ளைகளுக்குப் பராமரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றம் போகும் தங்கச்சிக்கும், அடிக்குப் பயந்து 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் அக்காவுக்கும், வீட்டு வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு இழுக்கப்படும் குடும்பத்துக்கும் நாங்கள் எழுந்து பேச முடியாது. சட்டத்தரணிதான் வேண்டும். காசில்லாதவருக்கும் அந்தச் சட்டத்தரணி கிடைக்கவேண்டும் என்றுதான் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. அது தருமமில்லை. நம் வரிப்பணத்தில் நடப்பது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். நம் பகுதி நீதிமன்றங்களில் வழக்கு சிங்களத்தில் நடக்கிறது. மொழி விளங்காதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. உரிமை புத்தகத்தில் இருக்கிறது, கூண்டில் நிற்கும் பெண்ணோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள். வழக்கு முடிந்ததும் அவளை ஓரமாக வாங்கில் உட்காரவைத்து, "அம்மா, ஐயா இன்றைக்குச் சொன்னது இதுதான், அடுத்த தவணை இந்தத் தேதி" என்று தமிழில் பொறுமையாகச் சொல்பவரை எந்த விருதுக் குழுவும் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்தோம். இன்று சால்வை பெறுவோரைத் தெரிவு செய்தபோது, எத்தனை வழக்கு வென்றார் என்பதை நாங்கள் கேட்கவில்லை. வாசலில் உங்களை எவ்வளவு நேரம் காக்கவைத்தார், விளங்கும்படி பேசினாரா என்றே உங்களிடம் கேட்டோம்.

கௌரவிப்போடு கோரிக்கையும் உண்டு. சட்ட ஆலோசனை வார நாளில் நடந்தால் நமக்கு ஒரு பேர் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்கே வரும் நடமாடும் சேவை வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கூடுதலாக வேண்டும். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம், பதில் வரும்வரை விடமாட்டோம்.

தலைவர்மாருக்கும் ஒரு வேலை. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். துரையோடு பேசிப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சால்வை போர்த்தி முடிந்ததும் தேநீர் தருவோம். அதன்பின் சட்டத்தரணிகள் நான்கு மணிவரை பின்மண்டபத்தில் இருப்பார்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் கொண்டுவந்தவர்கள் முதலில் போங்கள். கொண்டுவராதவர்களும் போய்ப் பெயரைக் கொடுங்கள். வயதானவர்களுக்கு வரிசையில் இடம் விடுங்கள்.