கிரகணத்தைப் படம் பிடித்த கதை

(தூத்துக்குடியில் நடந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியதின் சாரம்)



தொலைநோக்கியில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவை மாட்டி வானத்தைப் படம் எடுப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இது கலியாண வீட்டில் படம் எடுக்கிறவனிடம் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, கூட்டத்தில் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நான் படம் எடுத்துப் பிழைக்கிறவனும் அல்ல, வான சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கினவனும் அல்ல. உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன். ஆனதினால் நான் சொல்லுவதில் தப்பு இருந்தால் தாராளமாக எழுந்து கேட்கலாம்.

நம் கரைக்கு 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் தேசத்து யாத்திரிகர் வந்துபோனார். இங்கே முத்துக் குளிக்கிறவர்களைப் பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஆட்கள் இருந்ததாகவும், எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாகவும் எழுதியிருக்கிறார். அந்த மந்திரம் பகலுக்கு மாத்திரந்தானாம். ராத்திரியில் திருட்டுத்தனமாக எவனும் குளிக்கக்கூடாதென்று சாயங்காலம் மீனை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம்! பிற்காலத்தில் இந்த உத்தியோகத்துக்குக் கடல்கட்டி என்று பெயர். மீன் கடிக்காவிட்டால் மந்திரத்தின் மகிமை. கடித்துவிட்டால் குளித்தவன் செய்த பாவம். கடலுக்கு அடியில் நடக்கிற காரியத்தை யார் இறங்கிச் சோதித்துப் பார்ப்பது? முத்துச் சலாபமும் 1961-ம் வருஷத்தோடு இங்கே நின்றுபோயிற்று.

ஆனால் கிரகணம் கடலுக்கு அடியில் நடப்பதல்ல. எல்லோருடைய தலைக்கும் மேலே நடக்கிறது. அப்படியிருந்தும் அதைப் பார்க்காதே, கதவைச் சாத்து, கர்ப்ப ஸ்திரீயை உள்ளே வை, சோற்றைக் கொட்டு என்றால், பார்த்தால் என்ன தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்?

2025-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. 9-57-க்கு நிழல் தொட்டது. 11 மணிக்கு முழுவதும் மறைந்து, சுமார் 82 நிமிஷம் சிவப்பாக நின்றது. ஒன்றரை மணி சுமாருக்கு விட்டது. எங்கள் தெருவில் மேகம் விட்டுவிட்டு மறைத்தது. இருந்தாலும் தொலைநோக்கியில் காமிராவை மாட்டி 5 நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்தோம். அடுத்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி. மாமியார் அவளை அறையில் வைத்துச் சாத்திவிட்டார். ஜன்னல் வழியாக அந்தப் பெண், "அண்ணாச்சி, காமிராவில் விழுந்ததையாவது காட்டுங்களேன்" என்று கேட்டது. காட்டினேன். அதைப் பார்க்க வந்த மாமியாரும், "எங்கே காணோம், பாம்பு?" என்றுதான் முதலில் கேட்டார். 11 மணிக்குப் பிறகு மருமகளும் மாமியாரும் வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாம்பு இல்லை என்று நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் அந்தப் படங்களில் நிழலின் ஓரத்தைக் காகிதத்தில் எடுத்து, பள்ளிக்கூடத்துக் கவராயத்தால் வட்டத்தைப் பூர்த்தி செய்தோம். எந்தப் படத்தில் எடுத்தாலும் அதே வட்டம், சந்திரனைவிட இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகம். பூமியோ சந்திரனைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் அகலம். தூரம் போகப்போக நிழல் குறுகுவதால் கணக்கு சரியாகிவிட்டது. கவராயம் பிடித்தது எட்டாம் வகுப்புப் பையன். முழு மறைவில் சிவப்பு எங்கிருந்து வருகிறதென்றால், பூமியைச் சுற்றியுள்ள காற்றுக்குள் வளைந்து போகிற சூரிய வெளிச்சத்தில் நீலம் சிதறிவிடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் உலகத்தில் எங்கெங்கே விடிகிறதோ, எங்கெங்கே பொழுது சாய்கிறதோ அத்தனை சிவப்பும் சேர்ந்துதான் சந்திரன்மேல் விழுகிறது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பஞ்சாங்கக்காரர் கிரகண நேரத்தைச் சரியாகச் சொல்லுகிறாரே என்பார்கள். வாஸ்தவந்தான். 1825-ல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணக்கை நான் கும்பிடாமலே மதிக்கிறேன். அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் பாம்பு வருவதில்லை. தட்சணை கேட்கும்போது மாத்திரந்தான் வருகிறது.

நிற்க. காமிராவுக்கு வருவோம்.

காமிராவின் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். தொலைநோக்கியில் நாம் கண் வைக்கிற கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். நடுவில் டி வளையம் என்று ஒன்றும் ஒரு சிறு குழாயும் மாட்டவேண்டும். வளையம் உங்கள் காமிராவுக்குப் பொருந்துவதாக இருக்கவேண்டும். இப்பொழுது தொலைநோக்கியே காமிராவுக்கு லென்ஸ். அதன் குவிய தூரத்தை 110-ஆல் வகுத்தால், சந்திரன் உள்ளே எவ்வளவு பெரிதாக விழும் என்பது தெரியும். 1000 மில்லிமீட்டர் என்றால் 9 மில்லிமீட்டர்ச் சந்திரன். சாதாரணக் காமிராவில் படம் விழுகிற தகடு 22-க்கு 15 மில்லிமீட்டர். ஆகவே தாராளமாக அடங்கும். 2000 என்றால் தலையும் காலும் வெட்டுப்படும். மலிவான குழிக்கண்ணாடித் தொலைநோக்கிகள் சிலவற்றில் பிம்பம் காமிராவுக்குள் எட்டவே எட்டாது. நான் முதலில் வாங்கியது அந்த ரகம். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

இப்பொழுது புதிதாக வருகிறவை பெரும்பாலும் உள்ளே கண்ணாடி மடங்காத காமிராக்கள். அதனால் பழைய எஸ்.எல்.ஆர். காமிராக்கள் மலிந்து கிடக்கின்றன. நமக்கு நல்லதாய்ப் போயிற்று. அதில் கண்ணாடி தூக்கிப் படும் அதிர்ச்சியிலேயே படம் கலங்கிவிடும். கண்ணாடியை முன்னதாகத் தூக்கி நிறுத்திவிட்டு, விரலால் அமுக்காமல் சில விநாடி தாமதித்து எடுக்கும்படி வைக்கவேண்டும். முழு நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100-ல் 125-ல் ஒரு பங்கு விநாடி போதும். கிரகணம் முற்றிவிட்டால் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் ஒன்று, இரண்டு விநாடி வேண்டியிருக்கும்.

அங்கேதான் தொல்லை. பூமி சுழலுகிறபடியால் சந்திரன் 2 நிமிஷத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே தொலைநோக்கியை மோட்டார் வைத்து எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். அந்த அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்கவேண்டும். வெள்ளைக்காரர் தேசத்துப் புத்தகத்தில் அது பாதி வானத்தில் சௌகரியமாக நிற்கிறது. நம் தூத்துக்குடி 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவான அட்சத்தில் இருப்பதால் இங்கே அது அடிவானத்திலிருந்து 9 டிகிரிதான் மேலே. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த உயரந்தான். ஒரு வேப்பமரமோ மாடிவீடோ இருந்தால் போயிற்று. சில தாங்கிகள் அவ்வளவு தாழச் சாய்வதற்குள் எடைக்கல் முக்காலியில் முட்டும். நாங்கள் ஒரு காலுக்கடியில் செங்கல் வைத்துச் சாய்த்துத்தான் சமாளித்தோம்.

இதற்கு ஈடாகத் தெற்கே நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. மே மாதம் இரவு 10, 11 மணிக்குத் தெற்கே பாருங்கள். ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரத் திரள் 30 டிகிரிக்கும் மேலே நிற்கும். சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். லண்டனிலிருந்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைப் பார்க்க முடியாது. துறைமுக விளக்கையும் அனல்மின் நிலைய விளக்கையும் விட்டு விலகித் தேரிக்காட்டுப் பக்கம் போய்விடுங்கள். உப்புக் காற்று மாத்திரம் ஜாக்கிரதை. வேலை முடிந்ததும் திருகுகளைத் துடைக்காவிட்டால் ஒரு வருஷத்தில் துரு தின்றுவிடும். தொலைநோக்கி இல்லாதவர்கள் வெறுங்காமிராவை நம் கடற்காரர்கள் ஆறாமீன் என்கிற கார்த்திகைக்குத் திருப்புங்கள். கண்ணுக்கு ஆறு, காமிராவுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நான் வெட்கப்பட்ட கதை. ஒரு தடவை செக்கச்செவேல் என்ற வான்முகில் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் கூட்டத்தில் காட்டினேன். தோணியில் போய் வயதான பெரியவர் ஒருவர், "தம்பி, 40 வருஷம் கடலில் ராத்திரி கிடந்தேன், இந்தச் சிவப்பை நான் கண்டதில்லையே. உன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் தெரியுமா?" என்றார். தெரியாது, தோழர்களே! கண்ணுக்குச் சாம்பல் புகைமாதிரித்தான் தெரியும். காமிரா பல நிமிஷம் வெளிச்சத்தைச் சேர்க்கிறது. நான் 40 படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தேன். 16 படம் சேர்த்தால் புள்ளிக் கரகரப்பு நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. சிவப்பு நிஜந்தான், ஹைட்ரஜன் வாயு விடுகிற வெளிச்சம்; ஆனால் கம்ப்யூட்டரில் நான் அதை ஏற்றியும் வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் காட்டினேனே, அது எந்த நியாயம்? "பாருங்கள், நம்புங்கள்" என்று சொன்னால் எனக்கும் கடல்கட்டிக்கும் என்ன வித்தியாசம்? அன்றுமுதல் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை விநாடி, எத்தனை படம், நிறத்தை என்ன செய்தோம் என்று எழுதி ஒட்டுகிறோம். கையிலிருக்கிற போனில் கோபுரத்தைவிடப் பெரிய நிலா ஒன்று வந்தால், அனுப்பினவரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.

கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தில் 1900-க்குப் பிறகு சில வருஷங்களிலிருந்தே சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து, தேதியிட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து எவன் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். நம் வேலை அதன் பக்கத்தில் தூசிதான். ஆனால் தேதி எழுதுவதற்குப் பணம் வேண்டியதில்லை.

சூரியன் என்றதும் ஒரு எச்சரிக்கை. தொலைநோக்கியின் முன் வாயில் அதற்கென்றுள்ள சூரிய வடிகட்டியைப் போடாமல் சூரியனுக்குத் திருப்பினால் கண்ணும் போகும், காமிராவும் வெந்துபோகும். 2010 ஜனவரி 15-ல் நம் ஊரிலேயே சுமார் 10 நிமிஷம் சூரியன் வளையமாக நின்றது; எத்தனையோ பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். 2031 மே 21-ந் தேதி நம் தென் ஜில்லாக்கள் வழியாக இன்னொன்று வருகிறது. வடிகட்டித்தாளை இப்பொழுதே வாங்கி வைக்கலாம்.

பேச்சு போதும். வெளியே மைதானத்தில் முக்காலி நிறுத்தியாயிற்று, பிறையும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். குழந்தைகளை முன்னே விடுங்கள், தாய்மார்கள் அடுத்தது. முக்காலியில் கால் படாமல் வாருங்கள், செங்கல் வைத்திருக்கிறது.