சேற்றுப்புண்ணும் படர்தாமரையும்
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லில் வரும் குலைநோய்க்குக் காரணம் ஒரு பூசணம் என்பது உங்களுக்குத் தெரியும். பூசணங்களில் வேறு சில வகைகள் மனிதர் தோலிலும் வளர்கின்றன. குறுவை நடவு தொடங்கித் தாளடி நடவு முடியும் வரை சேற்றிலும் ஈரத்துணியிலும் நிற்கின்ற நமது டெல்டா மக்களுக்கு இத்தொல்லை அதிகம்.

கால்விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து, வெடித்து எரிவது சேற்றுப்புண். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் ஆறியதுபோல் தோன்றி அரிப்பது படர்தாமரை. நடவுக்குச் செல்லும் தாய்மார்கள் வெட்கப்பட்டு இதை வெளியில் சொல்வதில்லை. கடையில் அரிப்புக்கு ஒரு டியூப் வாங்கித் தடவிக் கொள்கிறார்கள். தொல்லை இங்குதான் பெருகுகிறது.

இந்த டியூப்கள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் பூசணம் சாகாது. தோலின் எதிர்ப்புச் சக்தி குறைவதால் அது மேலும் பரவும். தோலும் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என அறிவித்தது இதனால்தான். மேலும், டெர்பினாஃபின் மருந்துக்குப் பல சமயம் கட்டுப்படாத ஒரு பூசணம் நம் நாட்டில் பரவியுள்ளது. 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரிட்டார்கள்.

ஆகவே, நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வேலை முடிந்ததும் நல்ல நீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈர உடையை உடனே மாற்றுங்கள். துணிகளை நல்ல வெயிலில் காய வையுங்கள்.

2. ஆரம்ப நிலையில் குளோட்ரிமசோல் 1 சதக் களிம்பை, ஸ்டீராய்டு கலக்காததாகப் பார்த்து வாங்கி, வட்டத்திற்கு வெளியே ஓர் அங்குலம் வரை காலை மாலை தடவுங்கள். தழும்பு மறைந்த பின்னும் இரண்டு வாரம் தொடருங்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

3. ஒரே துண்டு, ஒரே சோப்பைப் பலர் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் அரிப்புள்ள அனைவரும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்து கொள்ளுங்கள்.

4. கன்றின் கண்ணைச் சுற்றி வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்குத் தட்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்நோய் மனிதருக்கும் ஒட்டும்.

5. வயலுக்குத் தெளிக்கும் பூசணக் கொல்லியையோ மண்ணெண்ணெயையோ தோலில் தடவவே கூடாது.

நான்கு வாரத்தில் குணமாகாவிட்டாலும், நோய் பல இடங்களில் பரவினாலும், நகம் கெட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அதுவரை தடவிய டியூப்பையும் கொண்டு போய்க் காட்டுங்கள். அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை நோய் உள்ளதா என்றும் பரிசோதியுங்கள். அரிப்பில்லாத, தொட்டால் உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்; உடனே காட்டினால் முழுமையாகக் குணப்படுத்தலாம், மருந்தும் இலவசம்.

பயிருக்குப் பூசண நோய் வந்தால் இன்ன மருந்து, இத்தனை அளவு என்று கேட்டுத் தெளிக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கும் அந்த அக்கறையைக் காட்டுங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.