அடுக்கும் பூட்டும்

தாளில் மையினால் வரைந்த கோடு, வரைந்த இடத்திலேயே நிற்கும். கணினியில் வரையும் வெக்டர் படத்தின் இயல்பு வேறு. அங்கே ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வட்டமும் தனித்தனிப் பொருள். வேண்டும்போது அதனைப் பற்றி இழுக்கலாம்; பெருக்கலாம்; நிறம் மாற்றலாம். இந்த வசதியிலிருந்தே இடரும் பிறக்கிறது. இழுக்க நினைத்த பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, நினையாத பொருள் கையோடு வந்துவிடும்! இதனைத் தடுக்க உதவுபவை இரண்டு: ஒன்று அடுக்கு, மற்றொன்று பூட்டு. லேயர், லாக் என்று கணினியில் வரைவோர் வழங்குபவை இவையே.

அடுக்கு கணினி கண்ட புதுமை அன்று. அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1914-ஆம் ஆண்டிலேயே அசையும் சித்திரப் படங்களுக்காக இத்தகைய முறையொன்றுக்குக் காப்புரிமை வேண்டினார். பின்னணியை ஒரு முறை தீட்டி வைத்துவிட்டு, அசையும் உருவங்களை மட்டும் ஒளி புகும் தகட்டில் வரைந்து அதன்மேல் வைப்பது அம்முறை. அசையாதது கீழே, அசைவது மேலே. இந்தப் பாகுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளில், மாணவர் ஒருவர் காவிரியின் படத்தை வரைவதாகக் கொள்வோம். பழைய நிலப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து அடியில் இடுகிறார். அதன்மேல் ஆறுகளுக்கு ஓர் அடுக்கு, ஊர்களுக்கு ஓர் அடுக்கு, பெயர்களுக்கு ஓர் அடுக்கு. மேலுள்ளது கீழுள்ளதை மறைக்கும் ஆதலின், பெயர்கள் உச்சியில் இருத்தல் வேண்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், இரண்டு ஆறுகளுக்கும் இடையே திருவரங்கம் தீவாய் அமைவதையும் அவர் கவனமாக வரைகிறார். பின்னர் ஓர் ஊரின் புள்ளியைச் சற்று நகர்த்த முயல்கிறார். சுட்டி அப்புள்ளியைத் தவறவிட்டு, அடியிலிருந்த நிலப்படத்தைப் பற்றிக்கொள்கிறது. திரை முழுவதும் பரந்து கிடப்பது அதுதானே! படம் சிறிதளவு நகர்கிறது; கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்பு வரைந்த ஆறுகள் பழைய இடத்தில் நிற்க, இனி வரையும் ஊர்களோ நகர்ந்த படத்தைப் பின்பற்றும். முடிவில், ஆற்றிடைத் தீவாகிய திருவரங்கம் தென்கரை ஏறி நிற்பினும் வியப்பில்லை. தவறு எப்பொழுது நேர்ந்தது என்று தேடிக் காண்பது அரிது.

நிலப்படத்தை இட்டவுடனே அந்த அடுக்கைப் பூட்டியிருந்தால் இத்தொல்லை இல்லை. பூட்டிய அடுக்கு கண்ணுக்குத் தெரியும், சுட்டிக்கு அகப்படாது. மறந்து அந்த அடுக்கிலேயே கோடு இழுக்க முற்பட்டாலும் மென்பொருள் இணங்காது. அது பூட்டப்பட்டுள்ளது என்று திரையின் அடியில் அறிவிக்கும். ஆறுகளை வரைந்து முடித்தபின் அவ்வடுக்கையும் பூட்டிவிடுவது நன்று.

அடுக்கு முழுவதையும் பூட்டாமல் ஒரு பொருளை மட்டும் பூட்டவும் இயலும். புதிதாகக் கற்போர் திகைப்பது இங்கேதான். பூட்டிய பொருளைச் சுட்டியால் தொட முடியாது. தொட முடியாததை எவ்வாறு திறப்பது? அடுக்குகளையும் பொருள்களையும் வரிசையாகக் காட்டும் பலகத்தில், அதன் பெயருக்கு அருகே பூட்டின் குறி இருக்கும். அதனை அழுத்தினால் திறந்துகொள்ளும். பொருள்களுக்கு விளங்கும்படி பெயரிட்டு வைத்தவருக்கே அது விரைவில் அகப்படும்.

மாணவர்களே, இந்தப் பூட்டு கள்வருக்கு அஞ்சி இட்டதன்று. நம் கை தவறாமைக்கு இட்டது. இதற்குக் கடவுச்சொல்லும் இல்லை. இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிப்பது, 2001-இல் பொதுத்தரமாக ஏற்கப்பெற்ற எஸ்.வி.ஜி. என்னும் கோப்பு வகையில். அக்கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. பூட்டு என்பது அதில் எழுதப்பெற்ற ஒரு குறிப்பு மட்டுமே. வேறொரு மென்பொருள் அக்குறிப்பைப் பொருட்படுத்தாமலும் போகலாம். கண் வடிவக் குறியை அழுத்தி ஓர் அடுக்கை மறைப்பதும் இத்தகையதே. இதயத்தின் படத்தை வரைந்து, விடைகளை ஓர் அடுக்கில் எழுதி, அவ்வடுக்கை மறைத்துக் கோப்பை வகுப்புக்கு அனுப்பும் ஆசிரியர், விடைகளையும் உடன் அனுப்புகிறார். அதே குறியை மீண்டும் அழுத்தும் மாணவர் அனைத்தையும் காண்பார். மறைத்த அடுக்கை அடியோடு நீக்கிய படி ஒன்றைத் தனியே சேமித்து, அதனையே அனுப்புதல் வேண்டும்.