தடிக்குள் இருந்த பொன்



"குவாண்டம் பத்திப் பேசு, ஆனா சிரிக்கிற மாதிரி பேசு" என்பது செயலாளர் உத்தரவு. 1935-இல் ஷ்ரோடிங்கர் ஒரு பூனையைப் பெட்டிக்குள் அடைத்தார். நல்ல வேளை, கற்பனையில்தான்! திறந்து பார்க்கும் வரை அது உயிரோடும் இருக்கு, செத்தும் இருக்கு. கேலிக்குச் சொன்னார், நமக்கு அதுவே பாடமாகிவிட்டது.

நான் திருவாமாத்தூர்க்காரன். எங்க ஊர்க் கோயில் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்பார்கள். உடன்பிறந்தவனின் பொன்னை ஒருத்தன் அபகரித்து, குடைந்த தடிக்குள் மறைத்தானாம். சத்தியம் செய்யும்போது தடியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, "பொன் என்கிட்ட இல்லை, இவன்கிட்டதான் இருக்கு" என்றானாம். வார்த்தை மெய், மனசு பொய். போகிற வழியில் பாம்பு கடித்தது என்று கதை முடியும்.

மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்து இரண்டு நாள் நான் பார்க்கவே இல்லை. பார்க்காத வரை பாஸும் உண்டு, அரியரும் உண்டு! வீட்டில் கேட்டால், "இன்னும் பார்க்கலைப்பா." வார்த்தை மெய்தானே? அப்பா கோயிலுக்கு அழைத்துப் போனார். வட்டப்பாறை அருகே, "நீ பார்க்கலைன்னா மார்க்கு மாறிடுமாடா?" என்றார். அவ்வளவுதான், சத்தியம் கேட்கவில்லை. அன்று மாலையே பார்த்தேன். அரியர்.

என் மார்க்கு தடிக்குள் இருந்த பொன். ஏற்கெனவே இருந்தது, எனக்குத்தான் தெரியாது. எலக்ட்ரானும் அப்படித்தானா? விடை உள்ளே ஒளிந்திருக்க வேண்டும் என்றுதான் ஐன்ஸ்டீன் கருதினார். 1964-இல் ஜான் பெல் அதைச் சோதிக்க வழி சொன்னார். கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் சோதித்துக் காட்டி 2022-இல் நோபல் பெற்றார்கள். துகள்கள் விடையைத் தத்தம் தடிக்குள் சுமந்து வருவதில்லை. ஆக, "எனக்குத் தெரியாது" வேறு, "இன்னும் முடிவாகவே இல்லை" வேறு. முதலாவதற்கு இரண்டாவதன் வேஷம் போட்டால் அது சூப்பர்பொசிஷன் இல்லை, பயம்.

சில வருஷம் கழித்து, அப்பா தன் லேப் ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். "பார்க்கலைன்னா மாறிடுமாப்பா?" என்றேன். சிரித்தார். பிரித்தோம். காலத்தோடு வைத்தியம் ஆயிற்று.

இன்று முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்னது எதுவும் புரியாத மாதிரி முகத்தை வைத்திருக்கிறார். புரியுதா, இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை.