எந்த வாசலிலிருந்து அளப்பது?

(மேலவளவு நினைவு நாள் உரையின் அச்சு வடிவம்)



1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித்துக்கு ஒதுக்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. இந்த நாளில் மதுக்கடையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். வேண்டும் என்றே நினைக்கிறோம். ஊருக்குள் எது எங்கே வரலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் முருகேசன் விட்டுச் சென்ற கேள்வி. மதுக்கடை அந்தக் கேள்வியை நம் வாசலுக்கே கொண்டு வந்திருக்கிறது.

2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கடை எங்கே இருக்கலாம் என்பதை அதே ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளில் 8ஆம் விதி சொல்கிறது. வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வணிகப் பகுதி என்று திட்டக் குழுமம் வகைப்படுத்திய இடத்தில் இந்தத் தூரமும் தேவையில்லை. மனிதர்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அந்த விதி கேட்கவில்லை.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. மக்கள்தொகை 20,000க்கு மிகாத ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று 2017 மார்ச் 31 அன்று தளர்த்தியது. மறுநாள் மாநிலமெங்கும் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. விபத்தைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால் சாலையை விட்டுக் கிளம்பிய கடை எங்கே போகும்? மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சிக்கும், வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கும் போகிற நான்குவழிச் சாலைகளை விட்டு உள்ளே இறங்கினால் முதலில் வயல் வரும், பிறகு காலனி வரும்.

அந்தக் கோடையில் ஒரு காலனிப் பெண்களோடு நாங்களும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள். ஊர்க் கோயிலுக்கு 100 மீட்டருக்கு மேல். உயர்நிலைப் பள்ளிக்கும் அதற்கு மேல். வேப்பமரத்தடியில் இருக்கும் எங்கள் காளி பீடத்தைக் காட்டினோம். அது கோயில் கணக்கில் வராது என்றார்கள். அங்கன்வாடியைக் காட்டினோம். அது பள்ளிக் கணக்கில் வராது என்றார்கள். ஒரு பாட்டி தன் குடிசையைக் காட்டி, "அய்யா, இது எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

முதலில் அந்தக் கடை ஊர்ப் பக்கம் வருவதாக இருந்தது. பெண்டு பிள்ளைகள் நடமாடும் இடம், ஊர் மரியாதை என்னாவது என்று பெரியவர்கள் எதிர்த்தார்கள். காலனிப் பக்கம் என்றதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

கோயிலிலிருந்து தூரம் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. மதுரையே மீனாட்சி கோயிலைச் சுற்றி வீதி வீதியாக விரிந்த நகரம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யரோடு தும்பைப்பட்டி கக்கனும் மற்ற தோழர்களும் உள்ளே நுழையும் வரை, அந்தக் கோயிலிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் நாம். இப்போது கோயிலிலிருந்து தள்ளி வைக்கப்படும் கடை நம்மிடம் வந்து சேர்கிறது. தள்ளி வைக்க வேண்டியவற்றுக்கு இன்னும் நம் தெருதான் இடம்.

ஆகவே 'ஊர் ஒழுக்கம்' என்ற பெயரில் கடையை எதிர்ப்பவர்களோடு சேரும்போது எச்சரிக்கை தேவை. தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே என்றதும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்ததும் அதே ஊர்க் கட்டுப்பாடுதான். குடித்தவனை மரத்தில் கட்டுவோம், அபராதம் போடுவோம் என்று அது கிளம்பினால் முதலில் கட்டப்படுபவன் நம் பிள்ளையாகத்தான் இருப்பான். குடிக்காமல் சாக்கடைக்குள் இறங்க முடியாது என்று சொல்லும் தொழிலாளியை நாம் இழிவாகப் பார்க்க முடியாது. அவரை அந்தக் குழிக்குள் இறக்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நமக்கென்று ஓர் ஒழுக்கம் இருக்கிறது. அயோத்திதாசர் பௌத்தத்தின் பஞ்சசீலத்தை நம் முன் வைத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அது யாரும் நம்மீது விதித்த கட்டுப்பாடு அல்ல, விடுதலை பெறுகிறவர்கள் தாமே எடுத்துக்கொண்ட உறுதி.

நம் கோரிக்கைகள் மூன்று. வீட்டு வாசலிலிருந்தும் அளக்க வேண்டும், காலனி வீடாக இருந்தாலும். அங்கன்வாடியையும் மரத்தடிப் பீடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடை வைக்க நினைக்கும் இடத்துக்கு அருகில் குடியிருப்பவர்களின், முக்கியமாகப் பெண்களின், ஒப்புதல் இல்லாமல் கடை திறக்கக் கூடாது. ஊர்ப் பெரும்பான்மை கைதூக்கிக் கடையைக் காலனிக்குத் தள்ளுவது ஒப்புதல் ஆகாது.

மாணவ நண்பர்களே, ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. வழக்குப் போடலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். அதற்குள் உங்கள் பகுதிக் கடைகளுக்கு டேப்போடு போங்கள். முதல் காலனி வீடு எத்தனை மீட்டர், அங்கன்வாடி எத்தனை மீட்டர், குழாயடி எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அந்தத் தாளைக் கிராம சபையில் நம் பெண்கள் எழுந்து நின்று வாசிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.

முருகேசன் உட்கார்ந்த நாற்காலிக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அதுதான். ஜெய்பீம்.