படித்ததில் பிடித்தது: எழுதியவர் யார்?

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் மலர்க் குழு சார்பில் ஆற்றிய உரை)





இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு நூலகம் இருக்கிறது. பஜ்ரு தொழுதுவிட்டுக் கைபேசியைத் திறந்தால் ஒரு துஆ, ஒரு ஹதீஸ், ஒரு கவிதை, சர்க்கரை நோய்க்கு ஒரு கஷாயம். பிடித்ததைச் சேமிக்கிறோம்; பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். மேலே "படித்ததில் பிடித்தது" என்று ஒரு வரி. படித்தவர் யார் என்று தெரிகிறது. எழுதியவர் யார் என்றுதான் தெரிவதில்லை.

பிறர் சொல்லைச் சேர்த்துவைப்பது நமக்குப் புதிதன்று. 1887இல் இந்தச் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். அதன் இதழ்களைத் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருப்பதால் நம் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் புரட்டலாம். எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' தொகுத்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களையும் முன்பக்கத்தில் போட்டார்கள். அது நமக்குப் பிடித்த பழக்கம்.

அதற்கும் முந்திய ஏற்பாடு நம்மிடமே உண்டு. ஹதீஸ் கலையில் செய்தி தனியாக வராது. இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்ற இஸ்னாதுடன்தான் வரும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அறிஞர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அறிவிப்பாளர்களின் வரலாற்றுக்காகவே இமாம் இப்னு ஹஜர் 'தஹ்தீபுத் தஹ்தீப்' எழுதினார். ஹைதராபாத்தில் அச்சான பதிப்பு 12 தொகுதிகள். கைபேசியோ, ஒரு செய்தி பலமுறை அனுப்பப்பட்டிருந்தால் இரட்டை அம்புக்குறி போடுகிறது. எத்தனை கை மாறியது என்பதற்கு அடையாளம் உண்டு. எந்த வாயிலிருந்து வந்தது என்பதற்கு இல்லை. ஆனால் நம்மில் பலர் அந்த அம்புக்குறியையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்!

மலருக்காகப் பழையவற்றைத் திரட்டியபோது ஒரு சங்கதி தெரியவந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், இன்று நம்மோடு இல்லை, எண்பதுகளில் நம் ஆண்டு மலரில் நோன்புக் கஞ்சியைப் பற்றி எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அண்டாவைச் சுற்றி யார் யார் நின்றார்கள், தூக்குச்சட்டியோடு எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. யாரோ அதைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அடுத்த கையில் அவர் பெயர் உதிர்ந்தது. இன்னொரு கையில் நம் சங்கத்தின் பெயரும் போய், கடைசியில் கண்ணீர் வரவழைக்க இரண்டு வரி சேர்ந்தது. போன ரமலானில் அது அவருடைய மனைவிக்கே வந்தது. அனுப்பியவன் வெளிநாட்டில் படிக்கும் சொந்தப் பேரன். "நன்னி, யாரோ அருமையாக எழுதியிருக்கிறார்கள், படித்துப் பாருங்கள்."

அந்த ராத்தா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பேரன் மேல் தவறில்லை. அவன் கைக்கு வந்தபோது பெயர் இல்லை. கட்டுரை மலரில் அவர் பெயரோடு, சேர்க்கப்பட்ட இரண்டு வரி இல்லாமல் வருகிறது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் தம் பெயர் குறிப்பிடப்பட உரிமை உள்ளவர் என்கிறது. எழுத்துக்கான பதிப்புரிமை பொதுவாக எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்குப் போடப்போவதில்லை. அவர்கள் பெயரை நாம்தான் காக்க வேண்டும்.

பகிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பகிராமல் இருந்திருந்தால் அந்தக் கட்டுரை அந்தப் பேரனைச் சேர்ந்திருக்காதே! பெயரையும் நூலையும் ஆண்டையும் ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள். தெரியாவிட்டால், யாரிடமிருந்து வந்தது என்றாவது எழுதுங்கள். மார்க்கச் செய்தியானால் ஒருபடி மேலே போய் இமாமிடம் கேளுங்கள். ஒருநாள் தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டு அலமாரியில் பழைய மலர்கள், கடிதங்கள், மீலாது விழா ஒலிநாடாக்கள் இருந்தால் அடுத்த ஞாயிறு லுஹருக்குப் பிறகு மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். வரும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிவாருங்கள். நாடாவில் பேசுவது யார் என்று சொல்ல அவர்கள்தான் வேண்டும்.